அடாப்டரோடு சேர்த்து அளந்து வாங்குங்கள்: மிரர்லெஸ் கேமராவுக்குக் கைக்கு அடக்கமான பழைய லென்ஸ்கள்

பென்டாக்ஸ் நிறுவனத்தின் எம் வரிசையில் 1976-இல் வெளிவந்த 40 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் நீளம் 18 மி.மீ. மட்டுமே, எடை 110 கிராம். (40 மி.மீ. என்பது பார்வைக்கோணத்தை முடிவுசெய்யும் குவியத்தூரம்; எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது.) சட்டைப்பை மூடியைப் போலத் தட்டையாக இருக்கும் அந்த லென்ஸைப் பார்த்த மாத்திரத்தில், என் மிரர்லெஸ் கேமராவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று கற்பனை செய்து வாங்கிவிட்டேன். வேறு கேமராவின் லென்ஸை நம் கேமராவில் மாட்ட உதவும் இடைவளையமான அடாப்டர் வந்து சேர்ந்ததும்தான் கணக்குப் புரிந்தது. சோனி இ மவுண்டில் (மவுண்ட் என்பது லென்ஸைக் கேமராவில் பூட்டும் வாய்) அந்த லென்ஸைப் பொருத்துவதற்கு 27 மி.மீ.-க்குச் சற்றுக் கூடுதலான அடாப்டர் தேவைப்படுகிறது. இரண்டும் சேர்ந்து 45 மி.மீ. முன்னே நீட்டிக்கொண்டு நின்றன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். கேமரா கோட்டுப் பைக்குள் போகவே இல்லை.

ஆகவே, சிறிய பழைய லென்ஸைத் தேடுபவர் விற்பனைக் குறிப்பில் உள்ள லென்ஸ் நீளத்தை மட்டும் பார்க்கக் கூடாது. கேமராவின் முகப்பிலிருந்து லென்ஸின் முன்விளிம்பு வரை மொத்தமாக எவ்வளவு நீளும் என்பதைப் பார்க்க வேண்டும். இந்தக் கூட்டலுக்குத் தேவையான ஒரே விவரம் ஃபிளேஞ்ச் தூரம், அதாவது லென்ஸ் வந்து அமரும் உலோக விளிம்பிலிருந்து பிலிம் அல்லது சென்சார் தளம் வரையுள்ள இடைவெளி.

எஸ்எல்ஆர் கேமராக்களுக்குள், லென்ஸ் வழியே வரும் காட்சியைக் கண்ணுக்குக் காட்டும் பிரதிபலிப்புக் கண்ணாடி ஒன்று மேலெழுந்து இறங்க இடம் வேண்டியிருந்ததால் அவற்றின் ஃபிளேஞ்ச் தூரம் அதிகம். நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ.; ஒலிம்பஸ் ஓஎம் மவுண்டில் 46; எம்42 திருகு மவுண்டிலும் பென்டாக்ஸ் கே மவுண்டிலும் 45.46, மினோல்டாவில் 43.5; கேனன் எஃப்டியில் 42; கோனிகா ஏஆர் மவுண்டில் 40.5. அந்தக் கண்ணாடி இல்லாத, தனிச் சாளரம் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் இது வெகுவாகக் குறைகிறது: லைக்கா எம் மவுண்டில் 27.8 மி.மீ., அதற்கு முந்தைய லைக்கா திருகு மவுண்டில் 28.8 மி.மீ. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் நிக்கான் இசட் 16, ஃபியூஜி எக்ஸ் 17.7, சோனி இ 18, மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் 19.25, கேனன் ஆர்எஃப்பும் எல் மவுண்டும் 20 மி.மீ. பழைய லென்ஸின் மவுண்டுக்குரிய எண்ணிலிருந்து உங்கள் மிரர்லெஸ் கேமராவின் எண்ணைக் கழித்தால் வருவதே அடாப்டரின் தடிமன்.

இந்தக் கழித்தலைச் செய்துவிட்டு மீண்டும் லென்ஸ்களைப் பார்த்தால் வரிசை மாறிவிடும். லைக்கா எம் லென்ஸ் ஒன்றைச் சோனியில் பொருத்துவதற்கு 9.8 மி.மீ. அடாப்டர் போதும். 1973-இல் வந்த லைக்கா சிஎல் கேமராவுக்காகச் செய்யப்பட்ட 40 மி.மீ. எஃப்/2 லென்ஸும், அதன் உடன்பிறப்பான மினோல்டா எம்-ரொக்கோர் 40 மி.மீ. எஃப்/2 லென்ஸும் ஏறத்தாழ 25 மி.மீ. நீளம் உடையவை, அடாப்டரோடு 35 மி.மீ.தான் ஆகும். தனியே வைத்துப் பார்க்கும்போது பென்டாக்ஸைவிடப் பருமனாகத் தோன்றும் லென்ஸ், கேமராவில் ஏறியதும் அதைவிட 10 மி.மீ. குட்டையாகி, ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சமும், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சமும், தருகிறது. கோனிகா ஹெக்ஸனான் 40 மி.மீ. எஃப்/1.8 லென்ஸுக்கும் இதே நியாயம் ஓரளவு பொருந்தும்: அதன் நீளம் 27 மி.மீ. ஆனாலும் ஏஆர் மவுண்டின் ஃபிளேஞ்ச் தூரம் குறைவு என்பதால் மொத்தம் 50 மி.மீ.-க்குள் அடங்கிவிடுகிறது; பென்டாக்ஸோடு வித்தியாசம் 4 மி.மீ. மட்டுமே, வெளிச்சமோ ஒரு ஸ்டாப்புக்கும் மேல் அதிகம்.

அப்படியானால் எல்லாரும் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களையே வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். விலையை விட்டுவிட்டாலும் அவற்றுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அவை நெருங்கிப் படமெடுக்க விடுவதில்லை. பழைய 50 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களில் பெரும்பாலானவை 1 மீட்டரோடு நின்றுவிடும். எஸ்எல்ஆருக்கான 50 மி.மீ. லென்ஸ்களோ பொதுவாக 45 செ.மீ. வரை நெருங்கும். எதிரே மேசையில் இருக்கும் கோப்பையைப் படமெடுக்க நாற்காலியைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருப்பது சிறிய விஷயம் அல்ல. இதற்கு மாற்று, உள்ளேயே திருகு பொதிந்து நீண்டு சுருங்கும் ஹெலிகாய்டு அடாப்டர். 50 மி.மீ. லென்ஸை அது 5 மி.மீ. முன்னே தள்ளினால், பட அளவு விகிதம் ஐந்தை ஐம்பதால் வகுத்த அளவுக்கு, அதாவது 0.1 அளவுக்குக் கூடுகிறது. 1 மீட்டரில் நிற்கும் லென்ஸ் இந்தக் கூடுதலைப் பெற்றால் எஸ்எல்ஆர் லென்ஸ் 45 செ.மீ.-இல் தரும் நெருக்கத்தை எட்டிவிடும். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் வாங்குவதென்று முடிவெடுத்தவர் சாதாரண அடாப்டரில் காசைச் செலவிடாமல் நேரே ஹெலிகாய்டு அடாப்டருக்கே போய்விடுவது நல்லது.

இரண்டாவது குறை அகலக் கோண லென்ஸ்களுக்கு உரியது. இதற்கு அடாப்டரில் மருந்து இல்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸின் பின்பகுதி பிலிமுக்கு மிக அருகே போகலாம் என்பதால், 28 மி.மீ., 21 மி.மீ. லென்ஸ்களில் ஒளி பிலிமின் ஓரங்களை மிகச் சாய்வாகத் தாக்கும்படி வடிவமைத்தார்கள். பிலிமுக்கு அதில் சிரமம் இல்லை. டிஜிட்டல் சென்சாரின் முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. லைக்கா எம் கேமராக்களில் அதன் தடிமன் 1 மி.மீ.-க்கும் குறைவு, சோனியில் சுமார் 2 மி.மீ., மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் சுமார் 4 மி.மீ. சாய்ந்து வரும் ஒளி அந்தத் தகட்டைக் கடக்கும்போது குவியும் இடம் நகர்ந்து, மூலைகள் ஈரத் துணியால் துடைத்துவிட்டதுபோல் இழுபடும். சில வேளைகளில் ஓரங்களில் ஊதா நிறமும் ஏறும். 40 மி.மீ.-க்கு மேற்பட்ட குவியத்தூரங்களில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 35 மி.மீ. எல்லைக்கோடு. அதற்குக் கீழே போவதானால், ஃபுல் ஃப்ரேம் கேமரா (சென்சார் 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அளவே இருப்பது) வைத்திருப்பவர் எஸ்எல்ஆர் லென்ஸையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவை எஸ்எல்ஆரின் பிரதிபலிப்புக் கண்ணாடிக்கு வழிவிட்டுத் தள்ளி நிற்கும்படி வடிவமைக்கப்பட்டதால் ஒளி நேராகவே வந்து விழும். சோவியத் தயாரிப்பான ஜுப்பிட்டர்-12 35 மி.மீ. எஃப்/2.8 லென்ஸைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும்: அதன் பின்கண்ணாடி குமிழைப்போல் வெகுதூரம் உள்ளே நீண்டிருப்பதால், சில அடாப்டர்களிலும் கேமராக்களிலும் உள்ளே இடித்துவிடும். உள்ளே மடங்கும் குழாய் உடைய பழைய எல்மார் போன்ற லென்ஸ்களையும் மிரர்லெஸ் கேமராவில் மடக்கிவிடாதீர்கள். குழாயின் பின்முனை எங்கே போய் நிற்கிறது என்று அளந்து பார்க்கும் வரை அது நீண்டே இருக்கட்டும்.

அடுத்ததாக, உங்கள் சென்சாரின் அளவு. ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் உடைய ஏபிஎஸ்-சி கேமராவில் குவியத்தூரத்தை 1.5-ஆலும் (கேனனில் 1.6), இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் 2-ஆலும் பெருக்கினால்தான் ஃபுல் ஃப்ரேமில் அதற்கு இணையான பார்வைக்கோணம் தெரியும். ஏபிஎஸ்-சி கேமராவில் 28 மி.மீ. லென்ஸ் 42 மி.மீ. போலவும், எல்லாரும் முதலில் வாங்கும் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போலவும் நடந்துகொள்ளும்; அறைக்குள் நாலு பேரைச் சேர்த்து எடுக்க அந்த 75 உதவாது. ஏபிஎஸ்-சி வைத்திருப்பவருக்கு நான் முதலில் சொல்வது ஒலிம்பஸ் பென் எஃப் லென்ஸ்களைப் பற்றித்தான். 1963-இல் வெளிவந்த பென் எஃப், 35 மி.மீ. பிலிமில் பாதிச் சட்டத்தை, அதாவது 18-க்கு 24 மி.மீ. அளவை மட்டும் பயன்படுத்திய எஸ்எல்ஆர். ஏபிஎஸ்-சி சென்சாரும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்பதால், தேவையற்ற பெரிய ஒளிவட்டத்தைச் சுமக்காத, அந்த அளவுக்கென்றே பிறந்த லென்ஸ்கள் இவை. அவற்றின் ஃபிளேஞ்ச் தூரம் 28.95 மி.மீ.; ஃபியூஜியில் அடாப்டர் 11 மி.மீ.-ஐச் சற்றே தாண்டும். 38 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அங்கே 57 மி.மீ.-க்கு இணையாகி நார்மல் லென்ஸின் இடத்தைப் பிடிக்கும். ஃபுல் ஃப்ரேமில் இவற்றின் மூலைகள் இருண்டுவிடும். உள்ளே கண்ணாடிகள் வைத்துக் குவியத்தூரத்தை 0.71 மடங்காக்கும் ஃபோகல் ரெட்யூசரைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். அது எஸ்எல்ஆர் லென்ஸுக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைக் கூட்டித் தருவது உண்மைதான், ஆனால் கண்ணாடியின் எடையையும் கூடவே கொண்டுவருவதால் சிறியது வேண்டும் என்று புறப்பட்டவருக்கு அது பொருந்தாது.

இனிக் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு வருவோம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 21 முதல் 135 வரை சிறு லென்ஸ்களாகவே சேர்க்க விரும்புபவருக்கு ஒலிம்பஸ் ஓஎம் ஸுய்கோவைவிட நல்ல குடும்பம் கிடையாது. பென் எஃப்பை வடிவமைத்த யோஷிஹிசா மைதானியே 1972-இல் வந்த ஓஎம் வரிசைக்கும் பொறுப்பேற்றார். கேமராவைச் சிறியதாக்கிவிட்டுப் பெரிய லென்ஸை மாட்டினால் பயன் இல்லை என்பதை அந்த வரிசையின் ஒவ்வொரு லென்ஸிலும் காணலாம். 28 மி.மீ. எஃப்/2.8, 50 மி.மீ. எஃப்/1.8 இரண்டும் ஏறத்தாழ 32 மி.மீ. நீளமும் 170 கிராம் எடையும் கொண்டவை; 100 மி.மீ. எஃப்/2.8 கூட 230 கிராம்தான். அடாப்டர் 28 மி.மீ. என்பதை மறக்கவில்லை, ஆனால் ஒரே அடாப்டரைக் கேமராவிலேயே விட்டுவிட்டு, பையில் மூன்று சிறு லென்ஸ்களைக் கொண்டுபோகும்போது அந்த 28 மி.மீ. ஒரு முறைதான் கணக்கில் வருகிறது. ஒரே லென்ஸோடு திரிபவருக்கு ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ், பல லென்ஸ்களோடு திரிபவருக்கு ஓஎம் என்று நான் பிரித்துச் சொல்வது இதனால்தான். இந்த வரிசையின் பழைய லென்ஸ்களில் பெயருக்கு முன்னால் நிற்கும் ஆங்கில எழுத்து, உள்ளே எத்தனை கண்ணாடிகள் என்பதைச் சொல்லும்: எஃப் என்றால் ஆறு, ஜி என்றால் ஏழு. வாங்குவதற்கு இது அவசியமில்லை. தெரிந்து வைத்திருப்பதில் ஒரு சுகம்.

பென்டாக்ஸ் எம் வரிசையும், மினோல்டாவின் கடைசிக்கால எம்டி லென்ஸ்களும் ஓஎம்முக்கு அடுத்தபடியானவை. இந்த மூன்று குடும்பங்களின் எளிய லென்ஸ்களில் பெரும்பாலானவையும், எம்42 மவுண்டின் டக்குமார் லென்ஸ்களில் பலவும் 49 மி.மீ. ஃபில்டர் திருகையே கொண்டவை என்பதால், ஒரு ஃபில்டரும் ஒரு மூடியும் எல்லாவற்றுக்கும் போதும். சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸின் ஏழு கண்ணாடி வடிவத்தில் தோரியம் கலந்த கண்ணாடி இருப்பதால் காலப்போக்கில் தேயிலை நிறத்துக்குப் பழுத்துவிடும். சில நாள்கள் புற ஊதா ஒளியில் வைத்தால் பெருமளவு தெளியும். கேனன் நியூ எஃப்டி 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் 170 கிராம் அளவிலான நல்ல லென்ஸ். அதைக் கேமராவிலிருந்து கழற்றி துளையின் அளவை மாற்றும் அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பினால் துளையின் இதழ்கள் அசையாது. அது பழுதல்ல, அடாப்டரில் உள்ள நெம்பு பிடித்த பிறகே அவை இயங்கும். இதை அறியாமல் நல்ல லென்ஸைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

எந்தக் குடும்பமானாலும் ஒரு பொது விதி உண்டு: பெரிய துளையை விட்டுக்கொடுங்கள். ஓஎம் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸின் எடை 230 கிராம், எஃப்/1.8 லென்ஸின் எடை 170 கிராம், 135 மி.மீ. வேண்டுமானால் எஃப்/2.8-ஐ விட்டு எஃப்/3.5-ஐத் தேடுங்கள். பிலிம் காலத்தில் ஒரு ஸ்டாப்புக்கும் குறைவான அந்த வித்தியாசத்துக்கு இருந்த மதிப்பு இன்று ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்திறனை, தாராளமாக ஏற்றும் சென்சாரின் முன் இல்லை.

மிகக் குறைந்த செலவில் தொடங்குபவரின் கண்ணில் முதலில் படுவது சோவியத் இண்டஸ்டார்-50. நான்கே கண்ணாடிகள் கொண்ட எளிய 50 மி.மீ. எஃப்/3.5 லென்ஸ்; அதன் எம்42 வடிவமான 50-2 சுமார் 70 கிராம்தான் இருக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே அதில் விழுந்திருக்கிறேன். இதே பெயருடைய லென்ஸ் 39 மி.மீ. திருகோடும் இரண்டு விதமாக வந்தது: ஒன்று ரேஞ்ச்ஃபைண்டருக்கானது, ஃபிளேஞ்ச் தூரம் 28.8 மி.மீ.; மற்றது ஆரம்பகால ஜெனிட் எஸ்எல்ஆருக்கானது, ஃபிளேஞ்ச் தூரம் சுமார் 45 மி.மீ. ஜெனிட் லென்ஸை லைக்கா திருகு அடாப்டரில் மாட்டினால் எந்தத் தூரத்தில் உள்ள பொருளும் தெளியாது, ஏனென்றால் லென்ஸ் சென்சாருக்கு 16 மி.மீ. அதிக நெருக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. விற்பனைப் படத்தில் பின்புறத்தைப் பார்த்தால் வேறுபாடு புலப்படும்: ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸில் ஃபோகஸ் திருப்பும்போது கேமராவின் நெம்பைத் தள்ளுவதற்கான உலோக வளையம் திருகுக்குள் தெரியும், ஜெனிட் லென்ஸில் அது இராது. படத்தில் பின்புறம் இல்லையென்றால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அடாப்டரின் தரத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். ஏன் என்பதை எண்ணில் காட்டுகிறேன். மலிவான அடாப்டர்கள் பெரும்பாலும் வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகச் செய்யப்படுகின்றன, முடிவிலியில், அதாவது மிகத் தொலைவில், ஃபோகஸ் எப்படியும் கிடைத்துவிடட்டும் என்பதற்காக. அடாப்டர் 0.1 மி.மீ. குட்டை என்றால், 50 மி.மீ. லென்ஸில் முடிவிலித் தெளிவு 25 மீட்டர் குறியிலேயே வந்துவிடும், 28 மி.மீ. லென்ஸில் அது 8 மீட்டர் குறிக்கு இறங்கிவிடும். லென்ஸின் தூர அளவுகோலை நம்பித் தெருவில் படமெடுப்பவருக்கு அந்த அளவுகோல் பயனற்றதாகிறது. அடாப்டர் அதே அளவு நீளமாக இருந்தாலோ இன்னும் மோசம்: 28 மி.மீ. லென்ஸ் 8 மீட்டருக்கு அப்பால் எதையும் கூர்மையாகக் காட்டாது. ஆக, குட்டையானது எரிச்சல், நெடியது குப்பை. அடாப்டரை லென்ஸோடு மாட்டி, லேசாகத் திருகிப் பார்த்து, ஆட்டம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பிறகு அதன் வழியே ஜன்னலைப் பாருங்கள். உட்சுவர் பளபளத்தால், எதிர் வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள் வெளிறிப்போவதற்கு லென்ஸைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கறுப்பு வெல்வெட் தாளை வெட்டி உள்ளே ஒட்டினால் அந்தக் குறை தீரும்.

லென்ஸைச் சோதிக்க அபெர்ச்சரை முழுவதும் திறந்து, கைபேசி விளக்கை முன்புறம் பிடித்து, பின்புறத்திலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். தூசித் துணுக்குகள் எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும், அவற்றை விட்டுவிடலாம். வேர் பரவியதுபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுவதும் மூச்சுக்காற்று படிந்ததுபோல் மங்கினால் உட்படலம். நேர் பார்வையில் தெரியாத இது ஒரு லென்ஸின் உயிரையே எடுத்துவிடும். ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டுகள் இருந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, அதை விட்டுவிடுங்கள். முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறல் படத்தில் தெரிவது அரிது. பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் வாங்காதீர்கள். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருப்பதைப் பலர் பெரிய குறையாகக் கருதுகிறார்கள். எஸ்எல்ஆரில் இதழ்கள் நொடிப்பொழுதில் மூட வேண்டியிருந்ததால் அது குறைதான். மிரர்லெஸ்ஸில் நாம் கையாலேயே மூடிவிட்டு எடுப்பதால் இதழ்கள் சோம்பினாலும் வேலை நடக்கும். அந்த எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படியக்கூடும் என்ற ஒரு கவலை மட்டும் மிஞ்சும்.

லென்ஸ் கைக்கு வந்ததும் கேமராவில் மூன்று அமைப்புகளைச் செய்தாக வேண்டும்: லென்ஸ் இல்லாதபோதும் ஷட்டர் இயங்க அனுமதிப்பது, சென்சார் நிலைப்படுத்திக்கு லென்ஸில் பொறித்துள்ள குவியத்தூரத்தைக் கையால் உள்ளிடுவது, காட்சிப் பெருக்கத்தை எளிதில் எட்டும் பொத்தானில் வைப்பது. கூர்மையான விளிம்புகளைத் திரையில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வண்ணக்கோடுகள் துணைக்கு உதவும். எஃப்/2-க்கு மேல் திறந்திருக்கும்போது அவற்றை நம்பாமல் பெருக்கிப் பாருங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் ஒரு செங்கல் சுவரை, கேமராவைச் சுவருக்கு இணையாக முக்காலியில் நிறுத்தி, முழுத் துளையில் படமெடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவில் மென்மையாக இருந்தால் அது அந்த வயதின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கலங்கினால், அதே அடாப்டரில் இன்னொரு லென்ஸை மாட்டி அதே சுவரை மீண்டும் எடுங்கள். அப்போதும் அதே பக்கம் கலங்கினால் அடாப்டர் சாய்ந்திருக்கிறது, அதை மாற்றுங்கள். பக்கம் தெளிந்துவிட்டால் முதல் லென்ஸின் கண்ணாடிகள் அச்சு விலகியிருக்கின்றன, லென்ஸையே திருப்பி அனுப்புங்கள்.